வெள்ளையடிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள்

போன வாரம் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் ஒன்றை அனுப்பியிருந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு காலனியிலிருந்து சென்னைக்குப் போய் வரலாறு படிக்கிறவர். பழமையான தேவாலயம் ஒன்றின் உட்புறத்தைச் சீரமைக்க இளைஞர்கள் தேவை; பத்து நாள் முகாம்; தங்க இடம், சாப்பாடு, டி-சர்ட், முடிவில் சான்றிதழ்; தினமும் ஒரு படம் எடுத்துப் பெயரோடு இன்ஸ்டாகிராமில் போட வேண்டும். நோட்டீசுக்குக் கீழே அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "போவட்டாண்ணா?"

"போம்மா, நல்ல வேலை" என்று பதில் போட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பதில் போதாது. அவருக்குச் சொல்ல வேண்டியதை அவரைப் போல இன்னும் பலருக்கும் சொல்ல வேண்டியிருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன் தோழர்களே.

திருத்தணியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வேலை புதிதல்ல. இங்கே இதற்கு உழவாரப் பணி என்று பெயர். மலைக்கு 365 படி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி ஏறி இறங்கியதும், டிசம்பர் 31 படித் திருவிழா முடிந்ததும் எவ்வளவு குப்பை சேரும் என்று நமக்குத் தெரியும். எந்த ஊர்த் திருவிழாவானாலும் ஒரு நாள் டி-சர்ட் போட்டவர்கள் வந்து பெருக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மீதி 364 நாளும் துப்புரவுத் தொழிலாளர்கள் பெருக்குவார்கள். அந்த ஒரு நாளுக்குப் பெயர் சேவை. மற்ற நாட்களுக்குப் பெயர் ஒப்பந்தக் கூலி. தேவாலயங்களிலும் இதுதான். பல ஊர்களில் கோயிலைப் பெருக்கியதும், சுண்ணாம்பு சுமந்ததும், கல்லறைக்குக் குழி வெட்டியதும் நம் ஆட்கள். அவர்களை எவரும் வாலண்டியர் என்று அழைத்ததில்லை. சம்பளமில்லாத வேலை சேரிப் பிள்ளைக்கு ஒன்றும் புதிதில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். அதற்காகப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு வேறொரு கவலை.

எனக்கு இருபது வயதில் இப்படி ஒரு முகாமுக்குப் போயிருக்கிறேன். டெல்டா பக்கம், பழைய தேவாலயம். எந்த ஊர், எந்தச் சபை என்பது இப்போது வேண்டாம். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களை நான் ரொம்பவும் ரசித்தேன். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டுச் சலிக்கவும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சாந்து அரைக்கவும் ஒரு வயதான கொத்தனார் கற்றுக்கொடுத்தார். பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசக் கூடாது என்பதே எனக்கு அங்கேதான் தெரியும். தரையிலிருந்து சுவர் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மூச்சுவிடுகிற மாதிரி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும். அப்புறம் உப்புப் பூத்து, பூச்சு உப்பி, செங்கல்லே மாவாக உதிரும். பல தலைமுறையாக ஏறிய வெள்ளையை இரும்புத் தகட்டால் சுரண்டாமல் மூங்கில் சிம்பால் ஒவ்வொரு அடுக்காக உரித்தோம். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி. ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம்.

ஆறாவது நாள் தரைக்கு வந்தோம். பின்னாளில் போட்ட சிவப்புச் சிமென்டைப் பெயர்த்தபோது, மேற்கு வாசலிலிருந்து பீடத்தைப் பார்த்து நேர்கோட்டில் குழிகள் தெரிந்தன. சின்னக் குழிகள். உள்ளே ஈயம் உறைந்திருந்தது. கம்பி நட்டு ஈயம் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். கோட்டுக்கு இடப்பக்கம் வழவழவென்று கல் பாவிய தரை. வலப்பக்கம் வெறும் செங்கல். இது எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த பாட்டி நின்று பார்த்தார். "இதுவா தம்பி? கிராதி. எங்க ஆயா காலத்துல எடுத்துட்டாங்களாம். நாங்கள்லாம் கம்பிக்கு இந்தப் பக்கம்" என்று செங்கல் தரையைக் காலால் தட்டிக் காட்டிவிட்டு விளக்குமாற்றைத் தொடர்ந்தார்.

பொறுப்பாளர் வந்தார். பார்த்தார். "லெவல் பண்ணிடுங்கப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; மறைக்க வேண்டும் என்று நினைத்தும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அது தரையில் ஒரு மேடு பள்ளம். அவ்வளவுதான். சாந்து கலந்து அந்தக் குழிகளை அடைத்தது யார் தெரியுமா? நான். என் கையால், என் கரண்டியால். அம்பேத்கர் படம் போட்ட நோட்டுப் புத்தகம் வைத்திருந்த நான். அப்போது கையில் கேமரா போன் கிடையாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். பென்சிலும் நோட்டும் இருந்தனவே! குழிகள் எத்தனை என்றாவது எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. அந்தப் பாட்டியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. முகாம் முடிவில் தந்த சான்றிதழ் மட்டும் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

நான் மூடியது வெறும் குழிகளை அல்ல என்பது சட்டம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தியை நம் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. காரணம் கேட்டால், அந்த மதங்களில் தீண்டாமை இல்லையே, பிறகு எதற்குச் சலுகை என்கிறார்கள்.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் பெரிய பாதிரியாரோ பேராசிரியரோ அல்ல. சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்த சூசை. தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்த இந்து ஆதிதிராவிடருக்குக் கடை கிடைத்தது. சூசைக்கு இல்லை, அவர் கிறித்தவர் என்பதால். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது; பழைய மதத்தில் பட்ட இழிவு அதே கொடுமையோடு புதிய மதத்திலும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும்; கிறித்தவ சமூகத்தின் நிலை பற்றி அப்படி ஒரு விரிவான ஆய்வு எங்கள் முன் வைக்கப்படவில்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள்.

இப்போது அந்தக் குழிகளை நினைத்துப் பாருங்கள். ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்கிறது. ஆதாரம் ஈயம் காய்ச்சி ஊற்றித் தரையில் பதித்துக் கிடந்தது. அதன் மேல் சாந்து பூசிவிட்டு நான் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இது ஏதோ ஒரு கோயிலில் தற்செயலாக நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைப் பாருங்கள். 1872இல் எழுந்த கட்டடம். இரண்டு நீண்ட கைகள், ஒரு பீடம். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருப்பதால் கால்சட்டைக் கோயில் என்றே பெயர் வந்தது. ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடாரும் மற்றவர்களும். நடுவில் சுவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரே பூசையைக் காணலாம்! சாதியைக் கட்டடக் கலையாகவே வரைந்து கட்டியிருக்கிறார்கள். கௌசானல் அடிகள் 1910இல் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளக் கிறித்தவர்கள் சும்மா இருந்தார்களா? எங்கள் உரிமை போச்சு என்று வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பிரித்து வைக்கிற சுவரை உரிமை என்று கேட்டு ஒரு கூட்டம் கோர்ட் படி ஏறியிருக்கிறது. இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முகாமுக்குப் போகிறவர்கள் பையில் வைத்துக்கொண்டு போங்கள். (அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மைச் சுவருக்கு எந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள் என்பது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

சுவரை இடித்தது சரி. நூறு தடவை சரி. ஆனால் இடித்த இடத்தில் தரையில் ஒரு கோடாவது இருக்க வேண்டும், ஒரு பலகையாவது சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன்.

கத்தோலிக்கரை மட்டும் சொல்வதாக லூத்தரன் தோழர்கள் சந்தோஷப்பட வேண்டாம். தரங்கம்பாடிக்கு வாருங்கள். 1718இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அவருடைய உடலும் அங்கேதான் அடக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு ஊரே பாரம்பரியச் சீரமைப்புக்குப் பேர்போனது. டேனிஷ் கோட்டைக்கு டென்மார்க்கிலிருந்தே தன்னார்வலர்கள் வந்து வேலை செய்தார்கள். நல்லது. ஆனால் அந்த ஆலயத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிற மாணவர்களில் எத்தனை பேருக்கு ராஜநாயக்கனைத் தெரியும்? பறையர் சமூகத்தில் பிறந்தவர். தஞ்சை மராட்டிய மன்னர் படையில் சிப்பாய். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் புத்தகத்தைப் படித்து, தானாகத் தேடி வந்து, தஞ்சைச் சீமையில் அடி உதை வாங்கி ஊழியம் செய்த உபதேசியார். அவரைக் குருவாக்கலாம் என்று பேச்சு வந்தபோது என்ன நடந்தது? அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்ற சாதிக் கிறித்தவர்கள் கூசுவார்கள் என்று மிஷனரிமாரே தயங்கினார்கள். 1733இல் முதல் குருவானவர் ஆரோன், வெள்ளாளர். 1741இல் அடுத்தவர் தியோகு. ராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஏசுவை விட முடிந்தது, இருக்கையை விட முடியவில்லை.

அந்த ஆலயத்தின் சுவரைத் துடைக்கிற ஒரு மாணவர் இதெல்லாம் தெரியாமல் துடைத்தால், அவர் துடைப்பது தூசியை மட்டுமா?

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டன் கிழக்குப் பகுதியில் செயின்ட் அகஸ்டின் ஆலயம் இருக்கிறது. 1828இல் கட்டியது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை 1827லேயே சட்டப்படி ஒழிந்தாயிற்று. அடுத்த வருஷம் கட்டிய கோயிலில் மாடிக்கும் மேலே, ஆர்கனுக்கு இரண்டு பக்கமும், கறுப்பின மக்கள் கண்ணில் படாமல் உட்கார இரண்டு இருட்டறைகள் வைத்துக் கட்டினார்கள். ஒழிந்த பிறகு கட்டியது என்பதைக் கவனியுங்கள். இன்று அங்கே வழிபடுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்கள் அந்த அறைகளை இடிக்கவில்லை. பெயின்ட் அடித்து ஸ்டோர் ரூம் ஆக்கவும் இல்லை. ஆய்வாளர்களைக் கூட்டிவந்து ஆவணப்படுத்தி, பழுது பார்த்து, எங்கள் முன்னோரை இங்கேதான் உட்காரவைத்தார்கள் என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். யாருக்கு அவமானம் நடந்ததோ அவர்களே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவமானம் யாருடையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

இங்கே நம்மிடம் மூன்று விதமாகச் சண்டைக்கு வருவார்கள்.

பழைய புண்ணை ஏன் கிளறுகிறாய் என்பது முதலாவது. பழைய புண்ணா? விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008 மார்ச் 9 அன்று என்ன நடந்தது? ஒரே ஜெபமாலை அன்னையைக் கும்பிடுகிற இரண்டு தரப்பு. பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோக விடு, எங்களுக்குத் தனிப் பங்கு கொடு என்று தலித் கிறித்தவர்கள் கேட்டார்கள். கலவரம் நடந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்த இருவரும் வன்னியர்கள். அந்தக் குடும்பங்களின் இழப்பையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. சாதி எந்தப் பக்கத்துப் பிள்ளையையும் தின்னும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவில் எழுந்த சுவர் பற்றி எத்தனை போராட்டம் நடந்தது! ஆகவே பழசு என்ற பேச்சு எடுபடாது.

இரண்டாவது, சில ஃபாதர்களும் ஐயர்மாரும் நம் தோளில் கைபோட்டுச் சொல்வது: "இதை எல்லாம் வெளியே காட்டினா சங்கிங்க எடுத்துக்குவாங்கப்பா." இதை நான் லேசாகத் தள்ளவில்லை. தேவாலயங்கள் தாக்கப்படுகிற காலம் இது. ஆனால் சங் பரிவாரம் என்ன பேசுகிறது? கிறித்தவத்திலும் சாதி இருக்கிறது, தாய் மதத்துக்குத் திரும்பு என்று மேடையில் பேசுகிறது. கிறித்தவத்தில் சாதி இல்லை, அதனால் எஸ்.சி. கொடுக்காதே என்று கோர்ட்டில் பேசுகிறது. அவர்களுக்கு இரண்டு நாக்கு. நாம் தரையை மூடுவதால் முதல் நாக்கு அடங்கப் போவதில்லை. அவர்களுக்கு இது எப்போதோ தெரியும். மூடுவதால் பலப்படுவது இரண்டாவது நாக்கு மட்டும்தான். அண்ணல் அம்பேத்கர் மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதும்போது, சைமன் கமிஷனிடம் தென்னிந்தியத் தீண்டப்படாத கிறித்தவர்களே கொடுத்த மனுவைத்தான் சாட்சியாக எடுத்து வைக்கிறார். அந்த மக்கள் திருச்சபைக்குச் சங்கடம் என்று வாயை மூடிக்கொள்ளவில்லை. நூறு வருஷத்துக்கு முன் அவர்களுக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லாமல் போகலாமா?

மூன்றாவது குரல் நம் பக்கத்திலிருந்தே வரும். நம்மை ஒதுக்கி உட்காரவைத்த கட்டடத்தை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும், இடிந்து போகட்டும் என்பார்கள் சூடான தம்பிகள். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் அந்தச் சுண்ணாம்பைச் சுமந்தது யார்? அந்தக் கல்லை இழுத்தது யார்? கட்டியதில் நம் உழைப்பு இருக்கும்போது விட்டுக்கொடுக்க நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்? இன்னொன்று. இடிந்து போனால் சாட்சியும் சேர்ந்து இடிந்து போகும். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இன்றும் ஆளைப் பிரிக்கிற சுவர் என்றால் அது பாரம்பரியம் கிடையாது, இருநூறு வருஷப் பழசானாலும் இடிக்கத்தான் வேண்டும். கல்லறைச் சுவர் அந்த வகை. பயன்பாட்டில் இல்லாமல் போன தடம் என்றால், குழியோ கோடோ அடைத்த வாசலோ எதுவானாலும், அதைத் தொடாதீர்கள். வரைந்து வையுங்கள். எழுதி வையுங்கள்.

கோயில்களுக்காவது அறநிலையத் துறை என்று ஒன்று இருக்கிறது, கேள்வி கேட்கலாம், மனுப் போடலாம். தேவாலயத்தின் உட்புறம் அந்தந்த மறைமாவட்டத்தின், சபையின் கையில். திருவிழா வருகிறது என்றால் ஒரு வாரத்தில் டைல்ஸ் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் அடித்து, எல்லாவற்றையும் பளபளவென்று மாற்றிவிடுவார்கள். அதைக் கேட்க ஆளில்லாத இடத்தில் உள்ளே நிற்கப் போகிற ஒரே சாட்சி அந்த முகாம் பிள்ளைதான். அதனால்தான் தங்கைக்குப் போ என்றேன்.

ஆனால் நோட்டீசில் ஒரு வரி இருந்ததே, தினமும் பெயரோடு படம் போட வேண்டும் என்று. அதைப் படித்த பிறகுதான் தூக்கம் போனது.

நம் பக்கத்துக் குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். பைபிளுக்குள் ஒன்று, சாதிச் சான்றிதழில் ஒன்று. திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி, ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரை நாமும் அந்தச் சித்தூர் மாவட்டம்தான். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மதம் மாறிய தலித் என்றால் பி.சி. அந்தப் பக்கம் போனால் பி.சி.-சி, ஒரு சதவீதம். அக்கா இங்கே, தங்கை அங்கே வாக்கப்பட்டால் ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு. எஸ்.சி. மட்டும் இரண்டு பக்கமும் கிடையாது. இதைப் பொய் என்று திட்டுகிறவர்கள், இப்படி வாழவைத்த சட்டத்தைத் திட்டட்டும். நம் ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். வருஷக்கணக்கில் மிஷன் காற்றைச் சுவாசித்ததால் அவருடைய சாதிக்கு ஏதாவது குறை வந்ததா? குடியரசுத் தலைவர் மாளிகைவரை போனார். நம் பிள்ளை ஒரு ஞாயிறு நற்கருணை வாங்கினால் ஸ்காலர்ஷிப் போகும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா. கிறித்தவரைக் கல்யாணம் செய்தவர். கிளினிக்கைச் சோதிக்கப் போன அதிகாரிகள் சுவரில் சிலுவை தொங்குகிறது என்று எழுதிவைத்து, சாதிச் சான்றிதழையே ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ரத்தைத் தூக்கி எறிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு எஸ்.சி. சான்றிதழ் தர முடியாது என்றது. அவர் ஞானஸ்நானம் பெற்றதும் தவறாமல் சர்ச்சுக்குப் போவதும் அவருக்கு எதிரான சாட்சி ஆயின. 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம், போதகராகிவிட்ட ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாது என்றது. சாதி சொல்லித் திட்டு வாங்கலாம், சாதி சொல்லி வழக்குப் போட முடியாது.

சுவரில் தொங்குகிற சிலுவையை நமக்கு எதிரான ஆதாரமாக எடுத்துக்கொள்கிற அரசு, அதே கோயில் தரையில் கிடக்கிற குழியை நமக்கு ஆதரவான ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. இப்படிப்பட்ட நாட்டில், கையில் பிரஷோடு பீடத்துக்கு முன் நின்று பெயர் போட்ட படம் ஒரு அக்ரஹாரத்துப் பையனுக்கு ரெஸ்யூமில் ஒரு வரி. ஒரு சேரிப் பெண்ணுக்கு அது நாளைக்குத் தாசில்தார் மேசையில் கிடக்கப் போகிற காகிதம். முகாம் நடத்துகிறவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. அவர்களிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கில்லை. படம் போட மாட்டேன், என் பெயரை வெளியிட எனக்குச் சம்மதமில்லை என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பி வாருங்கள். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையை மட்டும் எடுக்கட்டும்.

தங்கச்சி, உனக்கு வேண்டியது இவ்வளவுதான். வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், தரையின் ஒவ்வொரு துண்டையும் படம் எடு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வை, அளவு தெரியும். வாசல்கள் எத்தனை, எது அடைத்திருக்கிறது என்று பார். தீர்த்தத் தொட்டி ஒன்றா இரண்டா பார். தரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா பார். பீடத்துக்கு எதிரே மட்டுமல்லாமல் நீளவாக்கில் கிராதி ஓடின தடம் இருக்கிறதா பார். பழைய பங்குப் பதிவேடு இருந்தால் பார்க்கக் கேள். கோயிலைப் பெருக்குகிற அம்மாவை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய். பழைய தடம் மட்டும் இன்றைய நிலைக்குச் சாட்சி ஆகாது என்று நாளைக்கு வக்கீல் கேட்பார். அந்த அம்மா இப்போது எங்கே உட்காருகிறார், அவர் குடும்பத்துக் கல்லறை எங்கே இருக்கிறது என்பதும் அதில் வரட்டும். அவர் பெயரைக் கேள். எழுதலாமா என்றும் கேள். எல்லாவற்றிலும் ஒரு நகல் முகாம்காரர்களிடம் கொடு, ஒரு நகல் உன்னிடம் வை.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் கிறித்தவரான ஆதிதிராவிடரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். கமிஷன்கள் ஆதாரம் கேட்கும். கேட்கும்போது கையில் நீட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் சுண்ணாம்பு வேலையை நன்றாகக் கற்றுக்கொள். சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தெரிந்தவர்களுக்குக் கூலி நன்றாகவே கிடைக்கிறது. அடுத்த முறை சும்மா போக வேண்டாம், சம்பளம் பேசிவிட்டுப் போகலாம்.

இதை எழுதி முடிக்கும்போது அவரிடமிருந்து மறுபடி மெசேஜ்: "அண்ணா, போட்டோ போட மாட்டேன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க. அளக்கற டேப்பு எத்தன மீட்டர் வாங்கட்டும்?"

முப்பது மீட்டர் வாங்கும்மா. துணி டேப் வேண்டாம், இழுபடும்.